ஐஸ் ஊசியால் குத்திய ஸ்பீக்கர்: சோனிக்ஸின் முதல் இசைத்தட்டு

ஒரு ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் அதைத் தெருவில் நின்றபடியே சொல்லிவிடுவேன். முப்பத்தெட்டு வருடங்களாகத் திருகோணமலையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம், பாடசாலை விளையாட்டுப் போட்டி, அந்தியேட்டி என்று நான் வயர் இழுக்காத நிகழ்ச்சி இந்த ஊரில் குறைவு. ஆகவே ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த அக்காவின் மகன் கடையில் ஒரு இசைத்தட்டை வைத்து ஊசியை இறக்கியபோது, சில வினாடிக்குள் என் கடைப் பையன் பாய்ந்து போய் வயரைப் பிடுங்கியதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. அவனுக்கு நான் பழக்கியது அதுதான்: கரகரப்புக் கேட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்து, காரணத்தைப் பிறகு தேடு.

"மாமா, ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டே அப்படித்தான்" என்றான் மருமகன்.

நான் நம்பவில்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை, நாங்கள் கோன் என்போம், விரலால் தடவிப் பார்த்தேன். ஊசியைக் கழற்றித் துடைத்தேன். அம்பிளிபயரை மாற்றினேன். மறுபடியும் அதே சத்தம், தகரக் கூரையில் யாரோ சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடுவதைப் போல. அதன் நடுவே ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். அன்று பிற்பகல் முழுவதும் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு அந்தத் தட்டின் இரண்டு பக்கங்களையும் ஐந்து முறை கேட்டேன். இப்போது இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தட்டின் பெயர் 'ஹியர் ஆர் த சோனிக்ஸ்'. 1965 மார்ச்சில் வெளிவந்தது. என்னிடம் இருப்பது பிற்காலத்தில் மறுபடி அச்சிட்ட பிரதி. பன்னிரண்டு பாட்டு, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாசித்தது சோனிக்ஸ் என்ற குழு. குழுவின் ஊர் டகோமா, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஒரு துறைமுகப் பட்டினம். பக்கத்திலேயே மெக்கோர்ட் என்ற விமானப்படைத் தளம். அங்கிருந்து கிளம்பும் ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்கும்போது வெடிப்பதுபோல் கேட்கும் ஓசையை ஆங்கிலத்தில் 'சோனிக் பூம்' என்பார்கள், அதைத்தான் பெயராக வைத்துக்கொண்டார்கள். துறைமுகமும் விமானத் தளமும் பக்கத்துப் பக்கத்தில் என்றதும் எனக்கு எங்கள் ஊர் விமானத் தளம் இருக்கும் சீனன்குடா நினைவுக்கு வந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஜெட் ஓசையைக் கேட்டு யாரும் இசைக்குழுவுக்குப் பெயர் வைக்கவில்லை, பதுங்குகுழிக்கு ஓடினோம். அதே ஓசை ஓரிடத்தில் பையன்களுக்கு விளையாட்டாக இருந்திருக்கிறது. இருக்கட்டும்.

குழுவை 1960இல் தொடங்கியவர் லாரி பரைப்பா என்ற பள்ளிப் பையன். வீட்டில் எதிர்ப்பு இல்லாதது மட்டுமல்ல, ஒத்திகைக்கு பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் வராத நாட்களில் அவருடைய அம்மாவே எடுத்து வாசித்திருக்கிறார். இதை மருமகன் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பின்னால் அண்ணன் அண்டி பேஸுக்கு வந்தார். ஜெரி ரோஸ்லி என்பவர் கீபோர்டும் குரலும், ரொப் லிண்ட் சாக்சபோன், பொப் பெனட் ட்ரம்ஸ். இந்த ஐந்து பேர்தான் கணக்கில் சேர்கிற சோனிக்ஸ்.

இதைக் 'கராஜ் பங்க்' என்கிறார்கள். எங்கள் ஊரில் கராஜ் என்றால் லொறிக்கு அடியில் இரண்டு கால் மட்டும் தெரிய ஒருவர் படுத்திருக்கும் இடம். அமெரிக்காவில் அது வீட்டோடு சேர்ந்த கார்க் கொட்டகை. பையன்கள் காரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே கிட்டார் அடித்தார்கள், அதனால் வந்த பெயர். பங்க் என்ற சொல்லைப் பத்திரிகை விமர்சகர்கள் இவர்களைப் போன்ற 1960களின் குழுக்கள்மீது ஒட்டியது 1970களின் தொடக்கத்தில். இந்தப் பையன்கள் வாசித்த காலத்தில் அவர்களுக்கே தாங்கள் பங்க் என்று தெரியாது.

பெரிய கம்பனி எதுவும் இவர்களைத் தேடி வரவில்லை. அதே டகோமாவில் இவர்களுக்கு மூத்த வெய்லர்ஸ் என்ற குழு, தங்கள் பாட்டைத் தாங்களே வெளியிட எட்டிகெட் என்று ஒரு நிறுவனம் வைத்திருந்தது. அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்காரர் பக் ஓம்ஸ்பி இவர்களைக் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொண்டார். வாசிக்கிறவனே முதலாளி, பக்கத்துத் தெருப் பையனே அடுத்த வெளியீடு. தவறு நடந்தால் கேட்க ஆள் இல்லை, நல்லது நடந்தாலும் தடுக்க ஆள் இல்லை. இந்தத் தட்டு இப்படி ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

பதிவு நடந்தது சியாட்டிலில், கேர்னி பார்ட்டன் என்ற ஒலிப்பதிவாளரின் கூடத்தில். வெறும் இரண்டு தடம் கொண்ட நாடா இயந்திரம். ட்ரம்ஸ் முழுவதற்கும் ஒரே ஒரு மைக். இந்த ஒரே மைக் விஷயத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும்போது இன்றைக்குப் படித்துவிட்டு வருகிற பையன்கள் தவிலின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மைக் வைக்கிறார்கள். வலந்தலை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம் எனப் பிரிந்து, நடுவே தவிலைக் காணோம். நான் தலைக்கு மேல் ஒரு மைக்கைத் தொங்கவிட்டுவிட்டு ஒதுங்கிவிடுவேன். தோலும் மரமும் மண்டபத்தின் கருங்கல்லும் சேர்ந்து ஒரே அடியாக வந்து விழும். பொப் பெனட்டின் ட்ரம்ஸ் இந்தத் தட்டில் அப்படித்தான் விழுகிறது. எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு முழு மனிதன் அடிக்கிறான் என்பது தெரிகிறது. 'நிர்வானா' என்ற பிற்கால அமெரிக்க ரொக் குழுவின் பாடகர் கேர்ட் கோபேன், தான் கேட்டவற்றிலேயே மிகச் சிறந்த ட்ரம்ஸ் ஓசை என்று இதைத்தான் வியந்து பேசியிருக்கிறார். அவருக்கும் அந்த ஒற்றை மைக்கின்மேல்தான் வியப்பு.

அடுத்தது கிட்டார். என் கடைப் பையனை ஓடவைத்த சத்தம் அது. அம்பிளிபயரை அது தாங்கும் அளவுக்கு மேல் முறுக்கினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு மொட்டையாகிவிடும். டிரான்சிஸ்டர் என்றால் கத்தியால் வெட்டியது போல் காதைக் கிழிக்கும். வால்வு என்றால் வெட்டிய இடம் சற்று மழுங்கி, கரகரப்பிலும் ஒரு சதைப்பற்று இருக்கும். லாரி பரைப்பாவுக்கு அதுவும் போதவில்லை. ஐஸ் குத்தும் ஊசியை எடுத்து ஸ்பீக்கர் கோனில் ஓட்டை போட்டிருக்கிறார். வேண்டுமென்றே. மீன் சந்தையில் சூரைப் பெட்டிக்கு ஐஸ் கட்டியை உடைக்க வைத்திருப்பார்களே, அந்த ஊசி.

ஒரு கோன் மாற்றப் பிசின் காய ஒரு இரவு காத்திருக்கிறவன் நான். கடற்காற்றில் கோனின் விளிம்பு எப்படி இற்றுப்போகிறது, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எப்படி அரித்துப்போகிறது என்று மனப்பாடமாகத் தெரியும். ஒருவன் ஸ்பீக்கரைக் குத்தினான் என்று கேட்டபோது முதலில் வந்தது கோபம். 'த விட்ச்' என்ற பாட்டைக் கேட்டபின் அந்தக் கோபம் நிற்கவில்லை.

1964 நவம்பரில் தனித்தட்டாக வந்த பாட்டு அது. ஊருக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், கவனமாக இருங்கள், அவள் சூனியக்காரி என்பதுதான் விஷயம். விஷயத்தில் ஒன்றும் இல்லை. நம்மூர்ச் சந்தியில் நிற்கிற வேலையில்லாப் பையன்களின் பேச்சு. ஆனால் பாட்டு தொடங்கும்போது கிட்டாரும் சாக்சபோனும் கீபோர்டும் ஒரே கட்டையைச் சேர்ந்து பிடிக்கின்றன. சாக்சபோன் தடித்துப் போய் கிட்டாரின் கரகரப்புக்குள் புகுந்துகொள்கிறது. எது குழல், எது கம்பி என்று தெரியவில்லை. பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் பெனட் அடிக்கிறார் பாருங்கள். பாட்டின் பாதியில் ட்ரம்ஸ் கூடத்தின் சுவரில் மோதித் திரும்பி வருவது காதில் விழுகிறது. அங்கே மட்டும் ஊசியைத் தூக்கித் தூக்கி எத்தனை முறை வைத்தேன் என்று கணக்கில்லை. பாட்டின் பொருள் விசித்திரமாக இருக்கிறது என்று அங்குள்ள வானொலிகள் அதைத் தயங்கித் தயங்கித்தான் போட்டன. அப்படியிருந்தும் அந்த வட்டாரத்தில் உள்ளூர்த் தட்டுகளிலேயே அதிகம் விற்றது அதுதான் என்கிறார்கள்.

ரோஸ்லியின் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மைக்கை விழுங்குவது போல் வைத்துக்கொண்டு கத்துகிற பாடகர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. எத்தனை மைக்கின் வலை நசுங்கியிருக்கிறது தெரியுமா. இவரும் கத்துகிறார். ஆனால் சுருதியில் கத்துகிறார். 'சைக்கோ' பாட்டில் வரும் அந்தக் கூச்சல் தாளத்தின் ஓர் அங்கம். அதை எடுத்துவிட்டால் பாட்டு நொண்டும்.

அப்புறம் 'ஸ்ட்ரிக்னின்'. தண்ணீர் குடிக்கிறவன் குடிக்கட்டும், எனக்கு ஸ்ட்ரிக்னின் போதும் என்று பாடுகிறார். அது என்ன பானம் என்று மருமகனிடம் கேட்டேன். விஷம் என்றான். எதிலிருந்து எடுப்பது என்று தேடிப் பார்த்தால், எட்டிக் கொட்டையிலிருந்து! எங்கள் பக்கத்துக் காட்டில் நிற்கிற எட்டி மரம். "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் பார்க்க அழகாகப் பழுத்திருக்கும், குரங்குக்குப் பயந்து யாரும் காவல் போட வேண்டியதில்லை. உலகத்தின் மறுகோடியில் ஒரு பொடியன் எட்டிச்சாறு குடித்துச் சந்தோஷமாக இருப்பதாகப் பாடிக்கொண்டிருக்கிறான். தட்டில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு இது. பியானோ மேலே துள்ளுகிறது, கீழே பேஸ் வண்டி மாடு மாதிரி அசராமல் நடக்கிறது.

இவர்களே எழுதிய பாட்டுகள் இத்தட்டில் நான்குதான்: மேலே சொன்ன மூன்றும், கார்ப் பெருமை பேசும் 'பொஸ் ஹொஸ்' என்பதும். மற்றவை ஏற்கெனவே பிறர் பாடியவை. அவற்றில் 'ஹாவ் லவ் வில் ட்ராவல்' மட்டும் மூலத்தைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டது. ரிச்சர்ட் பெரி எழுதிய பாட்டு. இவர்களுடைய வடிவம் பல வருடங்களுக்குப் பின் லான்ட் ரோவர் விளம்பரத்தில்கூட வந்தது. மிச்சம் உள்ளவற்றில் சில வெறும் நடன மண்டபத்து நிரப்பல். 'ரோல் ஓவர் பீத்தோவன்' போன்றவற்றை எவர் வாசித்தாலும் ஓரளவு நன்றாக இருக்கும். இங்கேயும் ஓரளவு நன்றாக இருக்கிறது.

அடுத்த வருடம், 1966இல், 'பூம்' என்ற இரண்டாவது தட்டு. டகோமாவிலேயே ஒரு சிறிய கூடத்தில் பதிவு செய்தார்கள். சத்தத்தை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்து எறிந்துவிட்டு வாசித்தார்களாம், கூடம் நன்றாக முழங்கட்டும் என்று. எங்களுக்கு இந்த ஊரில் வேலையே முழக்கத்தை அடக்குவதுதான். தகரக் கொட்டகையில் கல்யாணம் வைத்துவிட்டுச் சாக்குப் படுதா கட்டச் சொல்லி மன்றாட வேண்டியிருக்கிறது. மருமகன் அதன் சில பாட்டுகளைத் தன் தொலைபேசியில் போட்டுக் காட்டினான். முதல் தட்டுக்குக் குறைந்தது இல்லை என்று தோன்றியது, ஆனால் தொலைபேசியில் கேட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவதுதான் கதை. எட்டிகெட்டை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போய், ஹொலிவுட்டில் பேர்பெற்ற 'கோல்ட் ஸ்டார்' கூடத்தில், கைதேர்ந்த ஒலிப்பதிவாளரை வைத்துப் பதிவு செய்து 1967இல் வெளியிட்டார்கள். எல்லாம் துடைத்துக் கழுவிப் பளிச்சென்று வந்தது. குழுவினரே அதைக் குப்பை என்று சொல்லிவிட்டார்கள். நல்ல மைக், நல்ல கூடம், நல்ல ஆள், எல்லாம் இருந்தும். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு கனத்தது, ஏனென்றால் அந்தக் கூடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கரகரப்பை எடுத்திருப்பேன். ஓட்டையை ஒட்டியிருப்பேன். நல்ல வேலை செய்தேன் என்று தேநீர் குடித்திருப்பேன்.

1968க்குள் பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். சாக்சபோன் வாசித்த லிண்ட் கடற்படை விமானியாகி வியட்நாமுக்குப் போனார், பிறகு பயணிகள் விமானம் ஓட்டினார். ஜெட் ஓசையின் பெயரில் குழு வைத்தவர்களில் ஒருவர் ஜெட்டிலேயே ஏறிப் போனது பொருத்தம்தான். கிட்டார்க்காரர் காப்புறுதி வேலைக்குப் போனார். பாடியவர் தார் போடும் தொழில் நடத்தினார். இடையில் 1972இல் ஒரு முறை கூடியதைத் தவிர்த்தால், முப்பத்தைந்து வருடம் மௌனம். 2007இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் மறுபடி மேடையேறினார்கள். 2015இல் 'திஸ் இஸ் த சோனிக்ஸ்' என்று புதுத் தட்டு. அதையும் மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து வரும்படி, கரகரப்போடே பதிவு செய்தார்கள். எழுபதை எட்டுகிற கிழவர்கள் அப்படிக் கத்துவதைக் கேட்டு என் மனைவி, "உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே வயதுதானே, நீங்கள் ஏன் படியேற மூச்சு வாங்குகிறீர்கள்?" என்று கேட்டாள். நான் அவர்களைவிட இளையவன் என்பதை அவளுக்குத் தெளிவுபடுத்தினேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டொரு விஷயம். மருமகன் கொடுத்த விலை முப்பத்தெட்டுக் கனடா டொலர், நம் காசில் எட்டாயிரத்துக்கு மேல். அந்தக் காசுக்கு என் கடையில் ஒரு நாள் முழுவதும் நான்கு ஸ்பீக்கர் பொக்ஸ் எடுத்துப் போகலாம். என் பிரதி சற்று வளைந்திருக்கிறது. சுழலும்போது ஊசி படகு மாதிரி ஏறி இறங்குகிறது. வரும் வழியில் வெப்பத்தில் வளைந்ததா, அச்சிலேயே வந்ததா என்று சொல்ல முடியாது. உள்ளே வைத்திருக்கும் காகித உறை முரடு, தட்டில் மயிரிழை போல் கீறல் விழுந்திருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றுக்கு மாற்றினேன். நம் கடற்காற்றுக்கும் வெயிலுக்கும் இசைத்தட்டு ஏற்ற பொருள் அல்ல. தகரக் கூரைக்குக் கீழே நிறுத்தி வைக்காதீர்கள், ஜன்னலோரமும் வேண்டாம்.

இந்த முதல் தட்டும் மோனோதான், இரண்டு தடத்தில் பிடித்ததும் கடைசியில் ஒரே ஒலியாகச் சேர்ந்துதான் வருகிறது. இரண்டு ஸ்பீக்கர் வைத்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார வேண்டிய அவசியம் இல்லை. ஒரே ஒரு ஸ்பீக்கர் போதும், கொஞ்சம் பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. நான் முதலில் புதிய பெரிய பொக்ஸில் போட்டேன், கீழோசை உப்பிப்போய் எல்லாம் குழம்பியது. பிறகு என் பழைய கராட் தட்டுச்சுழலியை, இளம் வயதில் நானே கட்டிய வால்வு அம்பிளிபயரில் இணைத்து, எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றில் போட்டேன். அப்போதுதான் பாட்டு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. காதுக்குள் செருகிக்கொண்டு கேட்காதீர்கள். தலைவலி வரும், பழி என்மேல் விழும்.

நித்தி கனகரத்தினத்தின் பொப் பாடல்களை இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தவன் நான். அதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும், சபையே சேர்ந்து பாடலாம். சோனிக்ஸில் அது கிடையாது. பாதிச் சொல் புரியாது, புரிந்த பாதியிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. மெல்லிசை விரும்புகிறவர்கள் பணத்தை வீணாக்க வேண்டாம். கோயில் வாசலில் தவிற்சமா நடக்கும்போது முன்வரிசைக்கு நகர்ந்து போகிற ஆள் நீங்கள் என்றால், வாங்குங்கள்.

போன வாரம் ஒரு சோதனை செய்தேன். பழைய பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று அலுமாரியின் மேல் தட்டில் கிடந்தது. மீன் சந்தையில் தெரிந்தவரிடம் ஐஸ் ஊசியை இரவல் வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்டார்; சொல்ல வெட்கமாக இருந்தது, தேங்காய்க் கண் துளைக்க என்றேன். கடைப் பையன் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, கோனில் ஒரு குத்து. கை நடுங்கியது. முதல் ஓட்டையில் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவதில் ஒரு மெல்லிய படபடப்பு வந்தது, தும்பி சிறகடிப்பது போல. பக்கத்து வீட்டுப் பையனின் கிட்டாரை வாங்கி வயரைச் செருகி ஒரு கம்பியைத் தட்டினேன். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு கட்டை அரை நிமிடம் கடைக்குள் உறுமிக்கொண்டு நின்றது. எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று வாசலில் படுத்திருந்தது, அது எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டது.

மறுநாள் காலையில் கோயில் சபைக்காரர் ஒருவர் வந்தார். பையன் தெரியாமல் அந்த ஸ்பீக்கரையே எடுத்துப் போட்டுக் காட்டிவிட்டான். அவர் பத்து வினாடி கேட்டார்.

"அண்ணை, இது கிழிந்துவிட்டது. வேறு ஒன்று தாருங்கள்."

வேறு ஒன்று கொடுத்தேன். குத்திய ஸ்பீக்கரைத் திரும்ப மேல் தட்டில் வைத்து, பெட்டியின்மேல் 'வாடகைக்கு இல்லை' என்று சோக்கால் எழுதியிருக்கிறேன்.